அணுக்களை நிறுக்கும் எடைக்கல்

நெசவாளர் சங்கத்தில் நூல் நிறுத்துக் கொடுக்கும்பொழுது தராசு சரியாயிருந்தால் மட்டும் போதாது; எடைக்கல்லும் முத்திரை பெற்றதாய் இருத்தல் வேண்டும் என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிவர். கண்ணுக்குப் புலனாகாத அணுக்களின் எடையை ஆராயும் விஞ்ஞானிகளும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவர்களே. அவர்களுடைய எடைக்கல் யாது, அதனால் விளைவிப்போருக்கு என்ன பயன் என்பதை இம்மாதம் காண்போம்.

ஒரே மூலப்பொருளின் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன அல்ல. பிராணவாயுவின் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை 16 என்னும் எடை எண் உடையவை. சுமார் 500-க்கு ஒன்று 18 என்னும் எண் உடையது. கரியில் ஏறத்தாழ 100-க்கு ஒன்று 12-க்குப் பதிலாக 13 ஆக இருக்கும். இவற்றை ஐசோடோப்புகள் என்பர். இவற்றுள் கதிர் வீசிச் சிதையாதவை நிலையான ஐசோடோப்புகள். நீர் ஆவியாதல், சுண்ணாம்பு படிதல், இலைகள் உணவு சமைத்தல் முதலிய செயல்களில் இவற்றின் விகிதம் மிகச் சிறிதளவு மாறுகிறது. அம்மாற்றமே பொருளின் வரலாற்றைக் கூறும் சாட்சி.

கடற்பிராணிகளின் ஓட்டிலுள்ள கனத்த பிராணவாயுவின் பங்கு, அவை வாழ்ந்த நீரின் வெப்பத்தைப் பொறுத்தது என்று அமெரிக்க விஞ்ஞானி ஹெரால்டு யூரே 1947-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் 1 டிகிரி வெப்பத்துக்கு அவ்விகிதம் மாறுவது 10,000-இல் சுமார் 2 பங்கே. இத்துணைச் சிறிய வேற்றுமையை அளக்க, சிக்காகோவில் அவருடன் உழைத்தோர் ஒரு முறையைக் கையாண்டனர். ஓட்டுத்தூளை அமிலத்தில் இட்டுக் கரியமிலவாயுவாக்கினர். கருவியினுள் அவ்வாயு மின்னூட்டம் பெற்றுக் காந்தத்தின் ஊடே செல்லும். இலேசானது அதிகம் வளையும், கனத்தது குறைவாக வளையும். சோதனை வாயுவையும் ஒப்பீட்டு வாயுவையும் மாறி மாறிச் செலுத்தினர். கருவியின் பிழை இரண்டுக்கும் பொதுவாதலால், வேற்றுமை மட்டுமே எஞ்சி நின்றது.

இம்முறையால், 14 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, கணவாயை ஒத்த பெலம்னைட் என்னும் பிராணியின் வளர்ச்சி வளையங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். அது சுமார் 4 ஆண்டுகள் வாழ்ந்து வசந்த காலத்தில் இறந்தது என 1951-இல் வெளியிட்டனர்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீ டீ என்னும் பாறைப் படிவிற் கிடைத்த மற்றொரு பெலம்னைட்டே உலகத்தார்க்குப் பொது எடைக்கல்லாயிற்று. நாளடைவில் அத்தூள் தீர்ந்துபோயிற்று. ஆயினும் அளவு அழியவில்லை. வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை, சலவைக்கல் தூளொன்றைக் கொண்டு அதே அளவுகோலை நிலைநிறுத்தியது. இவ்வாறு பொது அளவுகளோடு ஒப்பிடும் முறையினாலேயே, செவ்வாயிலிருந்து வந்த விண்கற்களின் பிராணவாயு நமது பாறைகளினின்று வேறுபட்டது என்பதும், சந்திரக் கற்களினுடையது மிக நெருங்கி ஒத்தது என்பதும் தெளிவாயின.

இனி நமது பொருளுக்கு வருவோம். கரும்பும் மக்காச்சோளமும் கரியமிலவாயுவை ஏற்கும் வழி வேறு; தேனீக்கள் நாடும் பெரும்பாலான பூச்செடிகளின் வழி வேறு. ஆகையால் மேற்சொன்ன அளவுகோலில், கனத்த கரி தேனில் ஆயிரத்துக்குச் சுமார் 25 பங்கு குறைவு. கரும்புச் சர்க்கரையில் சுமார் 11 பங்கே குறைவு. இதைக் கொண்டு தேனிற் கலந்த சர்க்கரையைக் கண்டறியும் முறையை அமெரிக்க விவசாய இலாகாவின் ஒயிட், டோனர் என்போர் 1978-இல் வகுத்தனர்.

ஆயினும் தேனுக்குத் தேன் இயற்கையிலேயே வேற்றுமை உண்டு. நேர்மையாளன் மீது வீண்பழி விழலாகாதன்றோ? எனவே, அதே தேனிலுள்ள புரதத்தைப் பிரித்து, அதனையே ஒப்பீட்டுப் பொருளாகக் கொள்ளும் முறை பின்னர் வந்தது. சர்க்கரை கலந்தாலும் புரதம் மாறுவதில்லை. இவ்விரண்டின் இடையே ஆயிரத்தில் 1 பங்கு வேற்றுமை, சுமார் 7 சதவீதக் கலப்பைக் குறிக்கும்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. நெல், பீட்ரூட் ஆகியவற்றின் சர்க்கரை பூச்செடிகளின் இனத்தையே சேர்ந்ததாதலால், அதன் கலப்பை இம்முறை காட்டிக்கொடாது. தேர்ச்சி பெற்றது என்னும் சான்று ஒன்றே தூய்மைக்கு முழு உறுதியாகாது.

எனவே, சங்கத்துக்கு ஒரு சோதனைச் சான்று வருங்கால் மூன்று வினாக்களை எழுப்புக: எதனோடு ஒப்பிட்டனர்? எவ்வளவு வேற்றுமை கண்டனர்? இச்சோதனைக்கு எது தென்படாது? கருவி எத்துணைப் பெரிதாயினும், எடைக்கல் நேர்மையாயிருந்தாலன்றித் தீர்ப்பு நேர்மையாகாது.