அலுவலக சர்வரை மாற்றப் போகிறீர்களா?

சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று வ. புதுப்பட்டியைச் சுற்றியுள்ள தொழில்களில் பல இடங்களில் கணக்கும் பில்லும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. அலுவலக சர்வரில் விண்டோஸ் சர்வர் 2016 ஓடினால் இப்போதே திட்டமிடுங்கள். 2027 ஜனவரி 12-க்குப் பிறகு அதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது.

2024 நவம்பரில் வெளியான விண்டோஸ் சர்வர் 2025-க்கு மாறுவோர் முதலில் கேட்க வேண்டியது உரிமத்தைப் பற்றி. சிறு நிறுவனங்களுக்கான எசென்ஷியல்ஸ் பதிப்பில் 25 பேர், 50 கருவிகள் வரை தனி அணுகல் உரிமம் தேவையில்லை. ஸ்டாண்டர்டில் அதைத் தனியாக வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றிய மறுநாள் பழைய ஸ்கேனர் சர்வருக்குக் கோப்பு அனுப்பாமல் நிற்கலாம். அது பேசும் பழைய எஸ்எம்பி 1 முறை புதிய சர்வரில் இயல்பாக இருக்காது. பாதுகாப்புக்காகவே அது நீக்கப்பட்டது. அதைத் திரும்ப நிறுவச் சொல்லாதீர்கள், ஸ்கேனரை மாற்றுவதே நல்லது.

கோப்புகளைப் பகிர மட்டும் என்றால் டெபியன் லினக்ஸும் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளும் போதும், உரிமச் செலவே இல்லை. டேலி கணக்கு மென்பொருள் ஓட வேண்டுமானால் விண்டோஸ்தான் வசதி.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2025-இன் 180 நாள் சோதனைப் பதிப்பை இலவசமாகத் தருகிறது. வேறொரு கம்ப்யூட்டரில் அதை நிறுவி, பேக்கப்பிலிருந்து கணக்கை மீட்டுத் திறந்து பாருங்கள். பழைய கணக்குகள் தொலையாமல் இருப்பது முக்கியம்: ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம்.