ஊரமைப்பும் உடல் நலமும்

உடற்பயிற்சி அவரவர் மனவுறுதியைப் பொறுத்தது என்பர். அஃது ஓரளவே உண்மை. ஊரின் அமைப்பே மக்களை நடக்கச் செய்கின்றது. இருந்தவிடத்தே இருத்தவும் செய்கின்றது.

1953-ஆம் ஆண்டில் ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், இலண்டன் மாடிப் பேருந்து ஊழியரைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துநரினும், இருக்கையிலேயே இருந்த ஓட்டுநர்க்கு இதயநோய் மிகுதியாயிருந்தது. உடலுழைப்பின் வேறுபாடே இதற்குக் காரணமென அவர் கருதினார். அசைவின்மை நீரிழிவுக்கும் வழிகோலும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் போன்ற உழைப்பு வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது.

இனி நம் திருத்தங்கலை நோக்குவோம். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய இவ்வட்டாரத் தொழில்களில் நெடுநேரம் அமர்ந்தே செய்யும் வேலை பல. அத்தொழிலாளர்க்கு வீடு திரும்பும் வழியே நடைக்கு வாய்த்த இடமாகும். அவ்வழியில் நிழலும் நடைபாதையும் இல்லையேல், இக்கந்தக பூமியின் வெயிலில் யார்தாம் நடப்பர்?

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில், வழிநடந்து வந்த பராசரன் இவ்வூரின் அரசமர மன்றத்தில் இளைப்பாறுகின்றான். ஆதலின் நடப்போர்க்கு நிழல் தருதல் நம் ஊர்க்குப் புதிதன்று. 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரின் வீதிதோறும் மரமும் தடையற்ற நடைபாதையும் அமைப்பின், நோய் வருமுன் காக்கும் வழி அதுவேயாகும்.