டோபி காட்டிலிருந்து கிளம்புங்கள்: ஓராண்டுச் சிங்கப்பூர்வாசிக்கு ஓர் ஊர்சுற்றல் திட்டம்

வேலைக்கோ படிப்புக்கோ ஓராண்டு மட்டும் சிங்கப்பூர் வந்திருப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி கழிகின்றன. தேக்காவில் காய்கறி, சிராங்கூன் சாலையில் சாப்பாடு, ஊருக்குப் பணம், முஸ்தபாவில் ஒரு சுற்று, பிறகு தூக்கம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதை மாலை வேலையாக வைத்துக்கொண்டு பகலை மிச்சம் பிடிக்கலாம். லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிறுத்தமான டோபி காட்டில் வடக்கு-தெற்கு (சிவப்பு), வடகிழக்கு (ஊதா), வட்டப்பாதை (மஞ்சள்) என்று மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. அங்கிருந்து கிளம்பினால் தீவின் பெரும்பகுதிக்கு ஒரே ரயில் அல்லது ஒரு மாற்றல்தான்.

முதலில் நாட்காட்டியை எடுங்கள். ஓராண்டு என்றால் ஒவ்வொரு விழாவும் ஒரே ஒரு தடவைதான் வரும். தைப்பூசக் காவடி ஊர்வலம் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் முடியும். தைப்பூசம் 1968-க்குப் பிறகு இங்கே பொது விடுமுறை இல்லை என்பதால் முன்கூட்டியே விடுப்புக்கு எழுதிப் போடுங்கள். அதிபர் மாளிகையான இஸ்தானா, டோபி காட் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஆர்ச்சர்ட் ரோட்டின் மறுபக்கம்தான். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், மே தினம், தேசிய தினம், தீபாவளி ஆகிய விழாக்களையொட்டி அதன் வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவர்களுக்குக் கட்டணம் உண்டு. ஒருமுறை கொடுக்கலாம்.

பிறகு மழை. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களை அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்குங்கள். தீவுகளையும் காட்டு நடையையும் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். அதனால் வெளியே நடக்கிற எதையும் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுவது நல்லது. நம்மவர்கள் பத்து மணிக்குப் பசியாறிவிட்டுப் பதினொன்றுக்குப் புறப்படுவதால்தான் சிங்கப்பூர் வெயிலுக்கு இத்தனை கெட்ட பெயர்.

ரயிலுக்குத் தனிப் பயணச்சீட்டு வேண்டாம், தொடுகை வங்கி அட்டையே போதும். வெளிநாட்டு வங்கி அட்டை என்றால் சிறு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். இங்கே கணக்குத் திறந்தவுடன் உள்ளூர் அட்டைக்கு மாறிவிடுங்கள். ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. டோபி காட்டில் சிவப்புப் பாதைக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே நீண்ட நடையும் பல மின்படிக்கட்டுகளும் இருக்கின்றன. பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் அதற்கென்று பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் உலா ரயிலே ஏறாமல் நடக்கட்டும். வங்காளத்திலிருந்தும் சென்னைப் பக்கத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் டோபி காட்டில் ஓடிய ஓடையில் துணி வெளுத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடை இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாகத் தரைக்கு அடியில் போகிறது. நிலையத்துக்குப் பின்னால் எழும் ஃபோர்ட் கேனிங் குன்றில் ஏறுங்கள். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதிகள் சரணடைய முடிவெடுத்த நிலத்தடிப் பதுங்கறை மேலே இருக்கிறது. மறுபக்கம் இறங்கினால் நகரத்தார் 1859-இல் எழுப்பிய டேங்க் ரோடு முருகன் கோயில். நடை திறந்திருக்கும் நேரம் பார்த்து இறங்குங்கள், நண்பகலில் சாத்திவிடுவார்கள்.

ஊதாப் பாதையில் லிட்டில் இந்தியாவுக்கு எதிர்த்திசையில் நான்காவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து மரங் பாதை வழியாக ஃபேபர் மலை ஏறினால் தென்மலைத் தொடர் ஆரம்பமாகிறது. சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில் அலை அலையாக வளைந்து போகும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தைக் கடந்து, மரங்களின் நடுவே கெண்ட் ரிட்ஜ் வரை நடக்கலாம். காசு செலவில்லை. பாட்டி, குழந்தை என்று வந்தவர்கள் பாலத்தோடு திரும்பிவிடலாம். மஞ்சள் பாதை தாவரவியல் பூங்காவுக்கும், கால்டிகாட்டில் இறங்கி நடந்தால் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கும் கொண்டுபோய் விடும். மெக்ரிட்சியில் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். அதற்குத் தீனி போடுவதும் சட்டப்படி குற்றம்.

சிவப்புப் பாதையின் தெற்கு முனை மரினா சவுத் பியர், அதுவும் நான்காவது நிறுத்தம்தான். அங்கே படகேறினால் செயின்ட் ஜான்ஸ் தீவு. பெரும்பாலானோர் அதை ஒட்டியிருக்கும் லாசரஸ் தீவின் கடற்கரைக்காகத்தான் போகிறார்கள். இரண்டையும் ஒரு பாலப்பாதை இணைக்கிறது. தமிழர்களுக்கு இங்கே நிற்க வேறொரு காரணமும் உண்டு. 1874-இல் செயின்ட் ஜான்ஸில் நோய்த்தடுப்பு முகாம் தொடங்கியது. காலரா, அம்மை பயத்தில், கப்பலின் மேல்தளத்தில் மெட்ராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்தவர்களைக் கரையேற்றும் முன் இங்கே இறக்கித் தங்கவைப்பார்கள். உங்கள் தாத்தாவோ அவர் அண்ணனோ மலாயாவுக்குப் போனவர் என்றால், அந்த நாட்டு மண்ணில் முதலில் மிதித்தது இந்த மணலாகவும் இருக்கலாம். தீவில் கடை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முந்தைய நாளே தேக்காவில் தண்ணீரும் பழமும் வாங்கி வையுங்கள். காலையில் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், வார நாளுக்கும் வார இறுதிக்கும் அது மாறும்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்பவர்களுக்கு என் பரிந்துரை புலாவ் உபின். சிவப்புப் பாதையில் சிட்டி ஹால், அங்கே பச்சைப் பாதைக்கு மாறித் தானா மேரா, பிறகு 2-ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ். அருகிலேயே படகுத்துறை. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் மரப்படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். அவசரமானால் மீதி ஆட்களின் காசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம், ஆனால் சனிக்கிழமை காலையில் அதற்குத் தேவையே வராது. அக்கரையில் இறங்கியதும் வாடகை மிதிவண்டிக் கடைகள். எடுக்கும் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், சரளைச் சரிவுகள் உண்டு.

கிழக்கு முனையில் செக் ஜாவா. 2001 டிசம்பரில், கடலைத் தூர்க்கும் திட்டத்தை அரசே தள்ளிவைத்ததால் பிழைத்த சதுப்பு நிலம் அது. தண்ணீர் வற்றியிருந்தால்தான் நண்டும் நட்சத்திர மீனும் தெரியும். ஓத அட்டவணையை இணையத்தில் பார்த்து, அரை மீட்டருக்கும் கீழே இறங்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். நடைமேடை திறந்திருக்கிறதா என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பில் சரிபாருங்கள். மிதிவண்டியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். வழியில் காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் சாப்பாட்டுப் பையைக் காட்டாமல் ஒதுங்கி நில்லுங்கள். பொழுது சாய்ந்தபின் படகுக்கு ஆள் சேராது, ஐந்து மணிக்கே துறைக்கு வந்துவிடுங்கள்.

உபினில் நீர் நிறைந்து கிடக்கும் பள்ளங்கள் பழைய கருங்கல் குவாரிகள். அங்கே வெட்டிய கல்லும் சேர்ந்துதான் 1924-இல் திறக்கப்பட்ட ஜோகூர் பாலம் உருவானது. அந்தப் பாலத்தைத் தாண்டுவது அடுத்த பாடம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் விசா விலக்கு தந்து, அதை நீட்டித்தும் வந்திருக்கிறது. போகும் மாதத்தில் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கடவுச்சீட்டோடு சிங்கப்பூர் அனுமதி அட்டையும் கையில் இருக்கட்டும். அக்கரையில் சுவரும் கூரையும் கண்ணாடித் துண்டுகளால் மின்னும் ராஜகாளியம்மன் கோயிலைப் பார்த்து, சாப்பிட்டு, மாலைக்குள் திரும்பலாம். வெள்ளி மாலையிலும் விடுமுறைக்கு முந்தைய நாளிலும் மட்டும் வேண்டாம், சோதனைச்சாவடி வரிசை பகலையே விழுங்கிவிடும். செவ்வாயோ புதனோ விடுப்பு கிடைத்தால் அன்றைக்குப் போங்கள். கிடைக்காதவர்கள் ஜோகூரை விட்டுவிட்டு இன்னொரு முறை உபினுக்கே போகலாம். நான் அதைத்தான் செய்வேன்.