மேட்டூர் நீர்ப்பரப்பில் ஒரு பகற்பொழுது

சேலம், நாமக்கல் சமவெளியிற் பிறந்த நம் மாணவர்க்குக் கடல் நூறு மைலுக்கு அப்பாலுள்ளது. ஆயினும், கரையும் துறையும் அலையும் உடைய சிறு கடலொன்று நமக்கு அண்மையிலேயே உண்டு. அதுவே மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிவுற்ற அணையினால் தடுக்கப்பெற்ற காவிரி, நீர்மட்டம் 120 அடியை எட்டுங்கால் ஏறத்தாழ 59 சதுர மைல் பரந்து நிற்கும். அதன்மேற் செல்வோர் அறியத்தக்க பாடமொன்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

ஐப்பசித் திங்களில் ஒரு நாட்காலை, யாங்கள் சிலர் கொளத்தூரை அடுத்த பண்ணவாடித் துறையில், எதிர்க்கரையிலுள்ள நாகமரைக்குச் செல்லும் விசைப்படகில் ஏறினோம். நீர் கண்ணாடிபோல் அசைவற்றிருந்தது. எனினும் படகோட்டி நேர்வழியை விடுத்து வளைந்தே சென்றார். காரணம் வினவினோம். அணை கட்டியபொழுது மூழ்கிய பழைய ஊர் நீரின்கீழ் உளது என்றார். நீர் மிகக் குறையுங் காலத்துச் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் அவ்விடத்து வெளிப்படுதலைப் பலர் கண்டுளர்.

குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்தால், சேலத்து வானில் முகிலின்றியும் இங்கு நீர் உயரும். அஃது பொய்த்தால் தாழும். ஆதலின் இந்நீர்த்தேக்கத்தின் கரை ஓரிடத்து நிற்பதன்று. ஆடியில் ஆழமாயிருந்த வழி, பங்குனியிற் பாறையாதலும் உண்டு. இது சேய்மை வானிலை கற்பிக்கும் பாடம்.

அண்மை வானிலையின் பாடம் பிற்பகலிற் கிட்டிற்று. மூன்று மணியளவில் மீள நாகமரைத் துறையை அடைந்தோம். மேற்றிசையிற் கருமுகில் திரண்டிருந்தது. மழை வருமுன் கடந்துவிடலாமென எங்களுள் ஒருவர் வற்புறுத்தினார். படகோட்டி இசைந்திலர். "ஐயா, மழைக்கு முன்னே காற்று வரும், படகைக் கவிழ்ப்பது மழையன்று, அக்காற்றே" என்றார். யாங்கள் முணுமுணுத்தோம். கால்மணிக்குள் பெருங்காற்று வீசிற்று. அமைதியாயிருந்த நீர் நுரைத்தெழுந்தது.

இதன் காரணம் யாது? முகிலினின்று விழும் துளிகளுட் சில ஆவியாகி, சூழ்ந்த காற்றைக் குளிர்விக்கின்றன. குளிர்ந்த காற்று எடைமிக்கதாதலின் கீழே பாய்ந்து, தரையை அடைந்ததும் நாற்புறமும் பரவுகின்றது. ஆகவே அது மழைக்கு முன் வந்துறும். அலையின் உயரமோ, காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி நீர்மேல் ஓடும் தூரம் என்னும் மூன்றையும் பொறுத்தது. நீர்த்தேக்கத்தில் அத்தூரம் குறைவாதலின், அலைகள் கடலலைபோல் நீண்டு வாரா. குறுகிச் செங்குத்தாய் அடுத்தடுத்து மோதும். பக்கவாட்டில் மோதின் சிறுபடகு புரளும். அந்நிலையில் முன்பகுதியை அலைக்குச் சற்றுச் சாய்வாக எதிர்நிறுத்தி, விசையை நிறுத்தாது மெல்லச் செலுத்தல் வேண்டும். ஏறியோர் எழுந்து நில்லாது தாழ அமர்தல் வேண்டும். எழுந்து நின்றாற் பாரம் மேலேறி, படகு நிலை தளரும். மிதவைச் சட்டையைக் கரையிலேயே அணிவது அறிவுடைமை.

ஒரு மணி நேரத்துக்குப்பின் காற்று அடங்கிற்று. இனிதே கரை சேர்ந்தோம். வற்புறுத்திய நண்பர், இறங்குங்கால் படகோட்டியை நோக்கிக் கைகூப்பினார். இயந்திரத்தின் வலிமை அன்று எங்களைக் காத்ததன்று. புறப்படாதிருக்கத் தெரிந்த ஒருவரது அறிவே காத்தது. நீரிற் செல்லும் நம் இளைஞர் இதனை மறவாதிருப்பாராக.