ஒரே நடை, இரண்டு கணக்கு

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வாசல் தாண்டுகிறார்கள். பேசிக்கொண்டே நடந்து, ஒன்றாகத் திரும்புகிறார்கள். அவர் மணிக்கட்டில் கட்டிய ஃபிட்னஸ் பேண்டில் 4.4 கிலோமீட்டர், மனைவியின் பேண்டில் 5.2. "உன் பேண்ட் பழசு, அதான் உளறுது" என்கிறார் அவர். "நீங்க ஒரு அடி வைக்கிற நேரத்துல நான் ஒண்ணேகால் அடி வைக்கிறேங்க, கூடத்தான் காட்டும்" என்கிறார் அந்த அம்மா.

பேண்ட் உளறவில்லை. அதற்குக் கொடுத்த விவரம் தப்பு. இந்த மாதிரிப் புகாரில் நான் முதலில் கேட்பது, "இந்த பேண்ட் இதற்கு முன் யார் கையில் இருந்தது?" என்பதைத்தான். மகன் புதிய வாட்ச் வாங்கியதும் பழையதை அம்மாவுக்குக் கட்டிவிட்டிருப்பான். ஆப்பில் பெயரை மாற்றியிருப்பான், உயரத்தை மாற்றியிருக்க மாட்டான்.

உயரத்துக்கும் தூரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கையில் கட்டும் சாதாரண பேண்டுக்குத் தூரத்தை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. அதற்குள் இருப்பது அசைவை உணரும் சிறு சில்லு. கை முன்னும் பின்னும் வீசும்போது வரும் அதிர்வின் தாளத்தை வைத்து அது அடிகளை எண்ணும். அந்த எண்ணிக்கையை ஓர் அடியின் நீளத்தால் பெருக்கினால் வருவதுதான் திரையில் தெரியும் தூரம். அடியின் நீளம் அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் கொடுத்த உயரத்திலிருந்து அனுமானிக்கும். உயரத்தில் ஏறக்குறைய 41.4 சதவீதம் ஓர் அடி என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. மகன் 178 செ.மீ. என்றால் அவனுக்கு அடி 73.7 செ.மீ. அம்மா 152 செ.மீ. என்றால் அவருக்கு 63 செ.மீ. அவர் 7,000 அடி நடந்தால் உண்மையான தூரம் 4.4 கிலோமீட்டர். பேண்ட் மகனுடைய அடியால் பெருக்கி 5.2 என்று காட்டுகிறது. நடக்காத முக்கால் கிலோமீட்டர் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஆகவே ஆப்பைத் திறந்து உயரம், எடை, ஆணா பெண்ணா என்ற விவரங்களைப் பாருங்கள். உயரம் அடி கணக்கா செ.மீ. கணக்கா என்பதையும் பாருங்கள். தூரம் பாதிக்குக் கொஞ்சம் மேலாக மட்டும் காட்டுகிறது என்றால், அலகு மைலில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்ட விளையாட்டரங்கங்கள் பலவற்றில் 400 மீட்டர் ஓடுதளம் இருக்கிறது. அந்த 400 மீட்டர் என்பது உள்பக்க முதல் லேனுக்கு மட்டும் பொருந்தும், அதுவும் உள் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்த கணக்கு. லேனின் அகலம் 1.22 மீட்டர் என்பதால் வெளியே போகப் போகச் சுற்று நீளும். எட்டாவது லேனில் ஒரு சுற்று 453 மீட்டர். பல மைதானங்களில் நடப்பவர்களை வெளி லேனுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே பத்துச் சுற்று நடந்துவிட்டு "நான் நடந்தது நாலு கிலோமீட்டர், வாட்ச் நாலரை காட்டுது" என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. வாட்ச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து முதல் லேனில் போங்கள்.

முதலில் கொஞ்ச தூரம் சும்மா நடந்து உடம்பு சூடானதும், வழக்கமான வேகத்தில் இரண்டு சுற்று நடக்க வேண்டும். அடிகளை வாயால் எண்ணுங்கள், பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு வந்ததும் ஒரு விரலை மடக்கிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் குழப்பம் வராது. தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் பேண்ட் காட்டும் அடி எண்ணிக்கையையும் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களிடம் மூன்று எண்கள் இருக்கும்: நீங்கள் எண்ணிய அடி, பேண்ட் எண்ணிய அடி, பேண்ட் சொன்ன தூரம். நோய் எங்கே என்பதை இந்த மூன்றும் சொல்லிவிடும்.

நீங்கள் எண்ணியது 1,230 என்று வைத்துக்கொள்வோம். பேண்டும் 1,225 என்கிறது, ஆனால் தூரம் 900 மீட்டர் என்கிறது. அடியை ஒழுங்காக எண்ணியிருக்கிறது, அடியின் நீளத்தில் கோளாறு. 800 மீட்டரை 1,230ஆல் வகுத்தால் 65 செ.மீ. வரும், அதுதான் உங்கள் அடி. சில நிறுவனங்களின் ஆப்பில் அடியின் நீளத்தை நாமே போட இடம் இருக்கிறது, அங்கே அதைப் போட்டுவிடுங்கள். போட்ட பிறகு தூரம் பாதியாகிவிட்டால், அந்த ஆப் இடது வலது இரண்டு அடியையும் சேர்த்துக் கேட்கிறது என்று பொருள். 130 என்று மாற்றுங்கள். நீளத்தைப் போட இடமே இல்லாத மலிவு ரக பேண்ட் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோ கூட்டியோ போட்டு, தூரம் சரியாக வரும் இடத்தில் விட்டுவிடலாம். கலோரிக் கணக்கு சற்றே பிசகும். அது முன்பு மட்டும் துல்லியமாகவா இருந்தது!

ஆப்பிள் வாட்ச் வைத்திருப்பவர்கள் எண் எதையும் போட வேண்டாம். திறந்தவெளியில் ஒர்க்அவுட் ஆப்பில் வெளிப்புற நடையைத் தொடங்கி, வழக்கமான வேகத்தில் 20 நிமிடம் நடந்தால் அதுவே உங்கள் அடியைக் கற்றுக்கொள்ளும்.

இன்னொரு நிலைமையும் வரலாம். நீங்கள் எண்ணியது 1,230, பேண்ட் எண்ணியது 1,050. இப்போது அடியின் நீளத்தைத் தொடாதீர்கள், கையைப் பாருங்கள். பேண்ட் கட்டிய கையில் போன், குடை, கைத்தடி, காய்கறிப் பை ஏதாவது இருந்ததா? பேன்ட் பாக்கெட்டுக்குள் கை இருந்ததா? கை வீசவில்லை என்றால் அதற்கு நீங்கள் நடந்ததே தெரியாது. டிரெட்மில்லில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடப்பவர்களுக்கும், பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் தாத்தாக்களுக்கும் இதே கதைதான். அப்படிப்பட்ட நேரங்களில் பேண்டைக் கழற்றி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தேறும். எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்று ஆப் கேட்டிருந்தால் அதையும் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வயதானவர்களின் மெதுநடை தனி விஷயம். மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் கால் தேய்த்து நடந்தால் அதிர்வு மிகவும் சன்னமாக இருக்கும், சில்லு அடிகளைத் தவறவிடும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நாள் முழுக்க நாலு நாலு அடியாக நடப்பதும் பெரும்பாலும் கணக்கில் சேராது. தொடர்ந்து சில அடிகள் விழுந்தால்தான் பல பேண்டுகள் அதை நடை என்று ஏற்கும். மாறாக, பஜனையில் தாளம் தட்டினாலும், குண்டும் குழியுமான சாலையில் இரு சக்கர வண்டி ஓட்டினாலும் நடக்காத அடிகள் ஏறிவிடும். பஜனை முடிந்து வந்து அன்றைய இலக்கு எட்டியதற்கு வாழ்த்து வாங்குவதில் பாவம் ஒன்றும் இல்லை. தூரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

அடியின் நீளம் ஒரே ஆளுக்கும் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் போய் வந்தவர் கையில் 17 காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். சாதாரண நாளில் 68 செ.மீ. அடி வைப்பவர், முன்னால் போகிறவர் குதிகாலை மிதிக்காமல் நடக்க வேண்டிய நெரிசலில் 55 செ.மீ.தான் வைப்பார். 14 கிலோமீட்டருக்கு 25,000க்கும் மேல் அடி விழும். பேண்ட் அத்தனையையும் 68ஆல் பெருக்கும். அடி எண்ணிக்கை மெய், கிலோமீட்டர் பொய். ஓடும்போது இதற்கு நேர் எதிராக நடக்கும், அடி நீளும். நடைக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனி நீளம் போட ஆப்பில் இடம் இருந்தால் இரண்டையும் தனித்தனியே அளந்து போடுங்கள்.

"என்னுடையதில் ஜி.பி.எஸ். இருக்கிறதே" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். உள்ள வாட்சிலும் அது நாள் முழுக்க இயங்காது, இயங்கினால் பேட்டரி தாங்காது. வாக்கிங் என்றோ ரன்னிங் என்றோ நீங்கள் தேர்ந்தெடுத்துத் தொடங்கினால்தான் இயங்கும். மற்ற நேரமெல்லாம் மேலே சொன்ன அடிப் பெருக்கல்தான். நாளின் மொத்தத் தூரமும் காலை நடையின் தூரமும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இது.

தொடங்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. லிஃப்டுக்குள் நின்றுகொண்டே பொத்தானை அழுத்திவிட்டு நடக்கத் தொடங்கினால் முதல் சில நூறு மீட்டர் கோணல் மாணலாகத்தான் பதிவாகும். ஜி.பி.எஸ். என்பது 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞை, லிஃப்டுக்குள் சரியாக எட்டாது. வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில் நின்று, இடம் பிடித்துவிட்டேன் என்று வாட்ச் சொல்லும் வரை பொறுக்க வேண்டும். கிளம்பும் முன் போனோடு ஒருமுறை சிங்க் செய்துவிட்டால், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் முன்கூட்டியே கிடைத்துவிடும், காத்திருப்பு குறையும்.

இந்தச் சமிக்ஞை ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. ஓடும். கண்ணாடி பதித்த உயர் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வந்தால் வழி நீள்கிறது, வந்து சேரும் நேரமும் கூடுகிறது; அந்த நேரத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும் வாட்ச், நீங்கள் எதிர்ச்சாரியில் நடப்பதாக நினைத்துக்கொள்கிறது. மேம்பாலத்தின் அடியிலும் அடர்ந்த மர நிழலிலும் தடுமாற்றம் வரும். திறந்த வானத்தின் கீழேகூடப் போனின் ஜி.பி.எஸ். சுமார் 4.9 மீட்டர் வட்டத்துக்குள் பிசகலாம் என்று அமெரிக்க அரசே சொல்கிறது. நேர்கோட்டில் நடந்தாலும் புள்ளிகள் வளைந்து வளைந்து விழும். வளைவுகளைக் கூட்டினால் தூரம் கூடும். ஓடுபவரைவிட நடப்பவருக்கு இந்தத் தொல்லை அதிகம்: நொடிக்கு ஒன்றரை மீட்டர்கூட நகராதவருக்குச் சில மீட்டர் பிசகு பெரிது. பேட்டரி சேமிப்பு முறையில் வைத்தால் தொந்தரவு வேறு விதம். புள்ளிகள் இடைவெளி விட்டு விழும், திருப்பங்களெல்லாம் குறுக்கே வெட்டப்பட்டுத் தூரம் குறையும். சிறிய பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடப்பவர்கள் ஜி.பி.எஸ்.ஸை நம்பாமல், அளந்து போட்ட அடி நீளத்தை நம்புவதே மேல். ஓடுதளத்தில் ஓடுபவர்கள் வாட்சில் டிராக் என்ற தனிமுறை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த லேன் என்று கேட்டுவிட்டுச் சரியான தூரம் தரும்.

தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் ராக்கெட் ஏவ, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்த பின் சில மணி நேரம், சமிக்ஞை கடந்து வரும் வளிமண்டல மேலடுக்கான அயனி மண்டலம் கலங்குவதுண்டு, அப்போது செயற்கைக்கோள் சமிக்ஞை தளும்பும். மாலை நடையில் மட்டும் எப்போதாவது கோடு கிறுக்கலாக வந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இதையே சாக்காகச் சொல்ல வேண்டாம், பக்கத்துக் கட்டடம் செய்யும் கெடுதல் இதைவிடப் பெரிது.

மாரத்தான் ஓடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் எழுப்பும் சண்டை: "42.195 என்றார்கள், என் வாட்சில் 42.7 வந்தது, பாதையை நீளமாகப் போட்டுவிட்டார்கள்." முறைப்படி சான்று பெற்ற பாதையை, சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளால், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஆகக் குறுகிய வழியில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், வேண்டுமென்றே கூட்டியும் போடுவார்கள். நீங்களோ தண்ணீர் மேசைக்கு ஒதுங்கியிருப்பீர்கள், திருப்பங்களை அகலமாக எடுத்திருப்பீர்கள், அதற்கு மேல் ஜி.பி.எஸ். நெளிவும் சேரும். சான்று பெற்ற பாதை என்றால் நான் சைக்கிள் பக்கம்தான்.

எவ்வளவு பிசகைப் பொறுக்கலாம்? என் அளவுகோல் இது: அடி நீளத்தை அளந்து போட்ட பேண்டில் 5 கிலோமீட்டருக்கு 250 மீட்டர் வரை, திறந்தவெளி ஜி.பி.எஸ்.ஸில் 100 மீட்டர் வரை. அதற்குள் இருந்தால் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வாட்சை, ஒரே கையில் கட்டிக்கொண்டு, ஒரே பாதையில் போனால் பிசகும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். போன மாதத்தைவிட இந்த மாதம் கூடியதா என்பதற்கு அது போதும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் நடப்பவர்கள் நிமிடத்தைப் பார்த்தாலே போதுமானது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி என்றுதான் சொல்கிறது, இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லவில்லை.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடையில் எதைக் காட்டினாலும் "ஜி.பி.எஸ். இருக்கு சார்" என்பார்கள். அவற்றில் பல, போனின் ஜி.பி.எஸ்.ஸைக் கடன் வாங்குபவை. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் மறுபடியும் அடிப் பெருக்கல்தான். போனை எடுத்துச் சென்றாலும், ஆப்புக்கு லொகேஷன் அனுமதி முழுமையாகக் கொடுத்து, பேட்டரி சேமிப்பிலிருந்து அந்த ஆப்பை விலக்கி வைக்க வேண்டும். இல்லையேல் திரை அணைந்த சிறிது நேரத்தில் போன் அதை மூடிவிடும், பாதி வழியோடு வரைபடம் நின்றுவிடும். கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "போன் இல்லாமல் நடந்துவிட்டு வந்தால் போன வழி வரைபடத்தில் வருமா?" தயங்கினால் பெட்டியைத் திருப்பி அங்கே அச்சிட்டிருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள். வாங்கிய கையோடு, மாற்றிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள், இரண்டு சுற்று மைதானச் சோதனையைச் செய்துவிடுங்கள். கை வீசி நடந்தும், கட்டிய கையை மாற்றிப் பார்த்தும், அடி எண்ணிக்கையே பத்தில் ஒன்று தவறுகிறது என்றால் அது செட்டிங்ஸால் தீராது. பில்லோடு கடைக்கே போய்விடுங்கள்.