ஓடும் தண்ணீரில் சின்ன ஜிக்

அன்புள்ள தம்பிக்கு,

மிசிசிப்பி ஆற்றில் கிராப்பி மீன் பிடிக்க எந்த நிற ஜிக் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கடையில் தொங்கும் வண்ணங்களைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வரும். ஆனால் ஓடும் ஆற்றில் நிறம் கடைசியாக யோசிக்க வேண்டிய சங்கதி. தண்ணீர் எங்கே, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஜிக்கின் எடையை முடிவு செய்வது மீனின் பருமன் அல்ல, அந்த வேகம்.

காரணம் மீனின் உடம்பிலேயே தெரிகிறது. வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி இரண்டுமே பக்கவாட்டில் தட்டையான, அகன்ற மீன்கள். எதிர்நீச்சலுக்கு ஏற்ற உடல்வாகு இல்லை. மேல் மிசிசிப்பியில் குளிர்காலம் வந்தால் ஓட்டமில்லாத பக்கத் தேக்கங்களுக்குள் ஒதுங்கிவிடுகின்றன. மற்ற மாதங்களில் ஆற்றுக்குள் வந்தாலும், விழுந்த மரம், பாலத்தூண் போன்றவற்றின் மறைவில், ஓட்டமும் தேக்கமும் உரசும் விளிம்பில் நின்றுகொண்டு, அடித்து வரும் பொடிமீனுக்காகக் காத்திருக்கின்றன. அங்கே 1878-க்குப் பிறகு படகுப் பாதைக்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய கல்வரப்புகள் ஏராளம். நம் கடற்கரைத் தூண்டில் வளைவுகள் மாதிரி கரையிலிருந்து நடு ஆற்றை நோக்கி நீள்பவை. பின்னால் அணைகள் வந்து நீர்மட்டம் உயர்ந்ததில் பெரும்பாலானவை மூழ்கிவிட்டன. மேலே ஒரு சலசலப்பு, அதற்குக் கீழ்ப்புறம் மந்தமான நீர், இரண்டுக்கும் நடுவே நுரையும் சருகும் கோடாகப் போகும். நீ தேட வேண்டியது அந்தக் கோடுதான்.

இனி எடை. ஓர் அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு ஜிக் என்பது 2 கிராமுக்கும் குறைவு. அது நொடிக்கு 1 அடி இறங்குகிறது, ஓட்டமும் நொடிக்கு 1 அடி என்று வைத்துக்கொள். மீன் 6 அடி ஆழத்தில் இருந்தால், ஜிக் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஓட்டத்தோடு 6 அடி தள்ளி அடித்துப் போயிருக்கும். ஆகவே மீனுக்கு நேரே வீசாமல், ஓட்டம் வரும் பக்கமாக 6 அடி தள்ளி வீச வேண்டும். ஓட்டம் இரட்டித்தால் 12 அடி. அதோடு தூண்டில் நரம்பின் மேல் தண்ணீர் தள்ளும் விசை ஏறக்குறைய நாலு மடங்காகிவிடும். தடித்த நரம்பு போட்டால் ஜிக் இறங்காமல் மேலேயே மிதந்து போகும். 4 அல்லது 6 பவுண்டு தாங்கும் நரம்பு போதும்.

இவ்வளவு கணக்கு எதற்கு, கனமான ஜிக் போட்டால் நேராக இறங்காதா என்று கேட்பாய். இறங்கும். மீனையும் தாண்டி இறங்கி மரக்கிளையில் மாட்டும். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை எடுக்கும் மீன்; தலைக்குச் சற்று மேலே போவதை எழும்பி வந்து கவ்வும், வயிற்றுக்குக் கீழே போவதைப் பெரும்பாலும் விட்டுவிடும். தவிர, பொடிமீன் தண்ணீரோடு வருகிறது. கல் மாதிரி விழுவதில்லை. ஆழமும் ஓட்டமும் இரண்டுமே மிகுந்த இடத்தில் எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ் தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் கிராப்பி இருக்கிறதா என்பதே சந்தேகம். உயிர்ப் பொடிமீன் இதைவிட நல்லதல்லவா என்பது இன்னொரு வாதம். குளிர்ந்த நீரில் அது சரிதான். அங்கேயும் அதை எந்த ஆழத்தில் விடுவது என்ற கணக்கு மாறாது.

ஜிக் போகும்போது தூண்டில் கோலை ஆட்டாதே. ஆட்டுகிற வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். நரம்பு இறுகாமல், முழுக்கத் தளரவும் விடாமல், ஜிக் போகும் வேகத்துக்குக் கோல் நுனியை நகர்த்து. மீன் எழும்பிக் கவ்வினால் இழுப்பு தெரியாது. நரம்பு திடீரென்று தொய்யும். அப்போது வெடுக்கென்று சுண்டினால் காகிதம் போன்ற அதன் வாய் கிழிந்துவிடும். மெதுவாகக் கோலைத் தூக்கினால் போதும்.

அடுத்த கடிதத்தில் நிறம் பற்றிக் கேட்பதாக இருந்தால், நீ நின்ற இடத்தில் ஆழம் எத்தனை அடி, ஒரு சருகு 10 அடி போக எத்தனை நொடி எடுத்தது என்பதையும் சேர்த்து எழுது.