வீட்டு முற்றத்தில் முள்முடிச் செடி

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் வீட்டு வாயில்களையும் வேலியோரங்களையும் கவனித்துச் செல்வோர், உடலெல்லாம் முள்ளும் நுனியெல்லாம் பூவுமாக நிற்கும் ஒரு சிறு செடியைக் கண்டிருப்பர். சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் எனப் பல நிறங்களில் அது பூக்கும். மலாய் மொழியில் இதனை மக்கோத்தா டூரி என்பர். முள்ளால் ஆன முடி என்பது அதன் பொருள். நாமும் இதனை முள்முடிச் செடி என்றே அழைக்கலாம்.

தோட்டத்து லயத்தில் வாழ்வோருக்கு ஏற்ற பூச்செடி இது. அதிக நீர் கேட்பதில்லை. பரந்த இடமும் கேட்பதில்லை. ஒரு செடி இருந்தால் அதன் தண்டிலிருந்தே பத்துச் செடிகளை உண்டாக்கலாம். எனினும், நம்மில் பலர் இதனை வாங்கி வந்த சில மாதங்களிலேயே இழந்துவிடுகிறோம். கவனக் குறைவால் அன்று. அளவுக்கு மிஞ்சிய கவனத்தாலேயே இழக்கிறோம். அஃது எவ்வாறு என்பதையும், இச்செடியை வளர்த்துப் பெருக்கும் முறையையும், அதனிடம் நாம் காட்ட வேண்டிய எச்சரிக்கையையும் இப்பாடத்தில் காண்போம்.

ரப்பர் மரத்தின் உறவுச் செடி

முள்முடிச் செடியின் கிளையொன்றைக் கிள்ளினால் வெண்ணிறப் பால் வடியும். பால் மரத்தோடு நாள்தோறும் பழகும் நமக்கு இது வியப்பன்று. ரப்பர் மரமும் முள்முடிச் செடியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மரவள்ளி, ஆமணக்கு, வீட்டு முன் வைக்கும் குரோட்டன் செடி ஆகியவையும் அக்குடும்பத்தவையே. தமிழகத்து வறண்ட நிலங்களில் வேலியாக நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இதற்கு இன்னும் நெருங்கிய உறவு.

இச்செடியின் பிறப்பிடம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. இந்துமாக் கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட பூர்போன் தீவின் ஆளுநராக இருந்த மிலியுஸ் என்பவர் 1821ஆம் ஆண்டில் இதனைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றார். அவர் பெயரே இதன் தாவரவியல் பெயரிலும் இடம்பெற்று, இஃது 'யூபோர்பியா மிலி' எனப்படுகிறது. பின்னாளில் தாய்லாந்து நாட்டவர் பெரிய பூக்களை உடைய கலப்பினங்களை உருவாக்கினர். சீனர் போற்றும் எட்டுத் தேவர்களின் பெயரால் அவை வழங்குகின்றன. ஒரே கொத்தில் எட்டுப் பூக்கள் மலர்ந்தால் வீட்டிற்கு நற்பேறு என்பது சீன மக்களின் நம்பிக்கை.

ரப்பர் மரமும் கடல் கடந்து வந்ததே. பிரேசிலிலிருந்து இங்கிலாந்து வழியாக 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளின் வழிவந்த மரத்தை, 1896ஆம் ஆண்டில் நம் மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் தோட்டப் பயிராக நட்டார். ஆயின், ரப்பர் மரம் மழைக்காட்டில் பிறந்தது. முள்முடியோ வறண்ட நிலத்துக்கு உரியது. உறவு ஒன்றாயினும் பழக்கம் வேறு. தடித்த தண்டிலே நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் சதைப்பற்றுத் தாவரம் இது. இவ்வொரு செய்தியை மனத்தில் இருத்தினால் இனி வரும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

முதற்கண் பாலில் எச்சரிக்கை

முள்ளும் பாலும் உள்ள செடியை வீட்டு வாயிலில் வைக்கலாகாது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. கள்ளிப்பால் நஞ்சு என்பதை அறிந்தவர் அவர்கள். இக்காலத்தும் அவ்வறிவு நமக்குத் தேவையே.

ரப்பர் பால் கையில் பட்டால் காய்ந்து உரிந்துவிடும். முள்முடியின் பால் அத்தகையதன்று. தோலில் பட்டால் எரிச்சலும் தடிப்பும் உண்டாகலாம். கண்ணில் பட்டால் கடும் வலியும் வீக்கமும் ஏற்படும். பார்வைக்கே ஊறு நேரலாம். தின்றால் வாந்தியும் வயிற்று வலியும் வரும். தினமும் பால் கையில் படும் பழக்கத்தால் நாம் இதனையும் எளிதாக எண்ணிவிடக்கூடும். ஆதலின், இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுவே எனக் கொள்க.

செடியை வெட்டும்போது கையுறை அணிதல் வேண்டும். கையுறை இல்லையேல் பழைய செய்தித்தாளை நான்காக மடித்துத் தண்டைப் பிடிக்கலாம். வேலை முடியும்வரை முகத்தையும் கண்ணையும் தொடலாகாது. கத்தியையும் கையையும் சவர்க்காரம் இட்டுக் கழுவ வேண்டும். இப்பால் நன்னீர் நத்தைகளைக் கொல்லும் தன்மையது என ஆய்வாளர் கண்டுள்ளனர். எனவே கழுவிய நீரை மீன் தொட்டியிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள்.

பால் கண்ணில் பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காமல், ஓடும் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவிவிட்டு, உடனே மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்லுதல் வேண்டும். எண்ணெய், தாய்ப்பால் முதலிய எதனையும் கண்ணில் விடுதல் கூடாது. சிறு குழந்தை செடியைக் கடித்துவிட்டால் வாயைக் கழுவி, வாந்தி எடுக்கத் தூண்டாமல், மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எந்தச் செடி என்று மருத்துவர் அறியும்பொருட்டு அதன் இலையொன்றையும் தாளில் சுற்றி எடுத்துச் செல்வது நலம்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் சாடியைத் தரையில் வைக்காமல், வேலியோரத்தில் உயரமான பலகைமேல் வைக்கலாம். பெரியோர் வாக்கின் கருத்தும் இதனால் காக்கப்படும்.

இடமும் சாடியும் மண்ணும்

இச்செடிக்கு வெயிலே உயிர். நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்தில் வைத்தால் ஆண்டு முழுதும் பூக்கும். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு மெலிந்து, பூ குறையும். மழை நேரே கொட்டும் இடத்தைவிட, கூரை விளிம்புக்குச் சற்று உட்புறமாக வெயில் விழும் இடம் சிறந்தது.

விலை கொடுத்துச் சாடி வாங்க வேண்டுவதில்லை. பெரிய பால்மாவு டின், உடைந்த வாளி, பழைய சாயத் தகரம் ஆகியவற்றின் அடியில் ஆணியால் ஐந்தாறு துளைகள் இட்டுப் பயன்படுத்தலாம். துளை இல்லாத சாடியில் இச்செடி பிழைப்பது அரிது.

மேல்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, சிறு துண்டுகளாக உடைத்த அடுப்புக்கரி அல்லது கருக்கிய உமி ஒரு பங்கு என மூன்றையும் கலந்துகொள்க. சாடியின் அடியில் செங்கல் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் இக்கலவையை நிரப்புக. நீர் ஊற்றினால் தேங்காமல் உடனே கீழே வடிய வேண்டும். வடியவில்லையேல் இன்னும் சிறிது மணல் சேர்க்க வேண்டும்.

தண்டு வெட்டிப் பெருக்கும் முறை

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நான் செய்த தவறு ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். மாணவர்களோடு சேர்ந்து பன்னிரண்டு தண்டுகளை வெட்டி, வெட்டிய கையோடு சாடிகளில் நட்டு, காலையும் மாலையும் நீர் ஊற்றினோம். இரண்டு வாரத்தில் பன்னிரண்டும் அடியில் கறுத்து அழுகிச் சாய்ந்தன. பேரனை அழைத்துச் செல்ல வந்த முதிய பால்வெட்டு அம்மையார் ஒருவர், ஒரு தண்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "நனைஞ்ச மரத்துல உளி வைப்போமா, வாத்தியாரே? பச்சக் காயத்தக் கொண்டுபோய் ஈர மண்ணுல வச்சிட்டீங்களே!" என்றார்.

அவர் சொல்லில் பாடம் முழுதும் அடங்கியிருந்தது. ஈரப் பட்டையை வெட்டினால் காயத்தில் பூஞ்சணம் நுழைந்து பட்டை அழுகும் என்பதைப் பால்வெட்டுவோர் அறிவர். அதே விதிதான் முள்முடிக்கும். வெட்டுவாய் நன்கு காய்ந்த பின்னரே நடுதல் வேண்டும். முறை வருமாறு:

1. மழையில்லாத நாளைத் தேர்ந்துகொள்க. நம் மாநிலத்தில் ஆண்டின் தொடக்க மாதங்கள் சற்று மழை குறைந்தவை. அவை மிகவும் ஏற்றவை.

2. நோயற்ற, முற்றிய கிளையின் நுனியிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில், கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுக. நசுங்கிய வெட்டு விரைவில் அழுகும்.

3. வெட்டுவாயை நீரில் சிறிது நேரம் தோய்த்தால் பால் நிற்கும். பின்னர் அதில் கரித்தூளைத் தடவுக. தாய்ச்செடியின் வெட்டுவாயிலும் அவ்வாறே செய்க.

4. அடிப்பகுதியிலுள்ள இலைகளையும் பூக்களையும் அகற்றி, தண்டுகளை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஐந்து முதல் ஏழு நாள்வரை உலர விடுக. தண்டு வாடுகிறதே என அஞ்ச வேண்டா. வெட்டுவாயில் ஆடை போன்ற காய்ந்த படலம் உருவாகியிருத்தல் வேண்டும்.

5. மண் கலவையைச் சிறிதே ஈரமாக்கி, தண்டினை 3 அல்லது 4 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டுச் சுற்றிலும் அழுத்துக. சாய்ந்தால் குச்சி ஒன்றை ஊன்றிக் கட்டுக.

6. முதல் நான்கைந்து நாள் நீர் ஊற்றாமல், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க. அதன்பின் மேல்மண் உலர்ந்தால் மட்டும் சிறிது நீர் விடுக. நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர் பிடித்து, நுனியில் புதிய தளிர் தோன்றும். இடையில் பிடுங்கிப் பார்த்தல் கூடாது. தளிர் கண்டபின் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குக.

விதையிலிருந்தும் இச்செடி முளைக்கும். ஆயின் கலப்பினச் செடியின் விதையில் பிறப்பது தாயின் நிறத்தை ஒத்திருக்கும் என்னும் உறுதி இல்லை. தண்டிலிருந்து வருவதோ தாயின் மறுபதிப்பே. பாலை மிகுதியாகத் தரும் ஒரு மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டி, ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற இனங்களைப் பல்லாயிரம் மரங்களாகப் பெருக்கியதும் இவ்வடிப்படையில்தான்.

நீரும் உரமும்

மேல்மண்ணில் விரல் நுனியை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் நீர் வேண்டா. உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியுமளவு ஊற்றி, மீண்டும் உலரும்வரை விட்டுவிடுக. கோடையில் வாரத்துக்கு இருமுறை போதும். மழைக்காலத்தில் ஊற்றவே தேவையிராது. நீர் குறைந்தால் இலைகள் பழுத்து உதிரும்; செடி செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். நீர் கிடைத்ததும் மீண்டும் தளிர்க்கும். உலர்ந்த செடியை மீட்கலாம். அழுகிய செடியை மீட்பது கடினம்.

நன்கு மட்கிய மாட்டுச்சாணம் ஒரு பிடி, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை போதுமானது. கடைகளில் கிடைக்கும் கலப்பு உரமாயின், நடுத்தரச் சாடிக்கு மாதம் அரைத் தேக்கரண்டி, தண்டைத் தொடாமல் விளிம்போரமாக இடலாம். உரம் மிஞ்சினால் இலை பெருகிப் பூ குறையும்.

அழுகலும் பூச்சியும்

அடித்தண்டு மென்மையாகிக் கறுத்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். அழுகிய பகுதிக்கு மேலே, உட்புறம் வெண்மையாகவும் பால் சுரப்பதாகவும் உள்ள இடம்வரை வெட்டிப் பாருங்கள். பால் நன்றாக வந்தால் அப்பகுதி உயிரோடு இருக்கிறது. அத்துண்டை முன்கூறியவாறு உலர்த்திப் புதிய மண்ணில் நட்டால் பிழைக்கும். மாவுப்பூச்சி வெண்பஞ்சுபோல் ஒட்டியிருந்தால், சவர்க்கார நீரில் தோய்த்த பழைய பல்துலக்கியால் துடைத்தால் போதும்.

சாடித் தட்டில் ஏடிஸ் கொசு

பூச்சாடியின் அடித்தட்டில் தேங்கும் சிறிதளவு நீரும் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதுமானது. நம் தட்பவெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாளே ஆகிறது. முள்முடிக்கு அடித்தட்டே தேவையில்லை. செங்கல்மேல் சாடியை வைத்தால் செடிக்கும் நலம், நமக்கும் நலம். வெட்டாமல் விட்ட மரங்களில் உள்ள மங்குகளைக் கவிழ்த்து வைப்பதும் இதே காரணத்தால்தான். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழித்தல் சட்டத்தின்படி, கொசு பெருக இடமளிப்பது குற்றமாகும்.

முடிவுரை

ரப்பர்க் காடுகள் பல செம்பனையாக மாறிவிட்டன. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குச் சென்றுவிட்டன. நாம் நட்டு வளர்த்த மாவையும் முருங்கையையும் உடன் எடுத்துச் செல்ல இயலாது. சாடியில் உள்ள செடியை எடுத்துச் செல்லலாம். அதுவும் இயலாதெனில், ஒரு சாண் தண்டினைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தால் போதும். ஒரு வாரம் உலர்ந்து கிடந்தாலும் புதிய மண்ணில் அது வேர் கொள்ளும். இவ்வாரம் உங்கள் அண்டை வீட்டாரிடம் வேறு நிறத் தண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் செடியின் தண்டு ஒன்றை அவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது பாலைப் பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள்.

நினைவுகூர்வதற்குச் சில வினாக்கள்

1. முள்முடிச் செடியும் ரப்பர் மரமும் எவ்வகையில் உறவுடையன? எவ்வகையில் வேறுபட்டன?
2. வெட்டிய தண்டினை உடனே நடுதல் ஏன் கூடாது?
3. செடியின் பால் கண்ணில் பட்டால் செய்ய வேண்டுவன யாவை? செய்யக் கூடாதன யாவை?
4. ஒரே நிறப் பூ வேண்டுமெனில் விதையைவிடத் தண்டே சிறந்தது. ஏன்?
5. உங்கள் வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்கள் எத்தனை? இன்று மாலையே எண்ணிப் பாருங்கள்.